அக்ராவிலிருந்து கோட்டோனுவரை: தரைவழி எல்லை குறித்த வாசகர் கேள்விகள்

கானாவின் டெமா துறைமுகத்திலும் டோகோவின் லோமே நகரிலும் தேக்குமர வணிகத்தில் 11 ஆண்டுகள் இருந்துவிட்டுத் தருமபுரிக்குத் திரும்பியவன் என்பதால், ஆப்பிரிக்கப் பயணம் பற்றி நம் இதழுக்கு வரும் கடிதங்களை ஆசிரியர் என்னிடமே அனுப்பிவைக்கிறார். இம்மாதம் வந்த ஐந்து கடிதங்களும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் எல்லையைச் சாலை வழியே, குறைந்த செலவில் கடப்பது எப்படி என்ற ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் காவேரிப்பட்டணத்துக்காரன். டெமாவில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் நிறுவனம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வரும் விடுமுறையில் நண்பர்கள் இருவரோடு டோகோ வழியாகப் பெனின் நாட்டுக் கோட்டோனு நகர்வரை தரைவழியாகவே போய்வர விரும்புகிறோம். விமானத்துக்குக் கொடுக்க எங்களிடம் பணம் இல்லை. எல்லைகளில் என்னென்ன செலவு ஆகும்? எப்படிப் போனால் மலிவாக முடியும்?
(வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: தம்பி, நீங்கள் கேட்டிருக்கும் வழி தூரத்தால் சிறியது. அக்ராவிலிருந்து அஃப்லாவோ எல்லை ஏறக்குறைய 190 கிலோமீட்டர். அதைக் கடந்த மறு அடியிலேயே லோமே நகரம் தொடங்கிவிடுகிறது. டோகோ நாட்டின் கடற்கரை மொத்தமே 56 கிலோமீட்டர்தான் என்பதால், லோமேயில் காலை உணவை முடித்துக்கொண்டு கிளம்புகிறவர் வெயில் ஏறுவதற்குள் பெனின் எல்லையான ஹிலாகொஞ்சியில் நிற்கலாம். அங்கிருந்து கோட்டோனு சுமார் 100 கிலோமீட்டர். ஓசூரிலிருந்து சென்னைக்குப் போவதைவிடச் சற்றே அதிகமான இந்தத் தூரத்துக்குள் மூன்று நாடுகளும் இரண்டு எல்லைகளும் இரண்டு நாணயங்களும் இரண்டு ஆட்சிமொழிகளும் அடங்கியிருக்கின்றன. வண்டிக்கூலி உங்களுக்குப் பெரிய சுமையாக இராது. விசாவுக்குச் செலுத்துவதுதான் பெரிய செலவு. அதற்கு அடுத்தது, அவசரப்பட்டவர்கள் எல்லையில் இழக்கும் பணம். முன்னதைக் குறைக்க வழியில்லை. பின்னதை முழுவதுமாகத் தவிர்த்துவிடலாம், ஆனால் அதற்கான வேலையைப் புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

உங்களோடு வேலை பார்க்கும் கானாக்காரர்கள், அடையாள அட்டையைக் காட்டினால் போதும், யாரும் எதுவும் கேட்பதில்லை என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்வது அவர்களுக்குப் பொருந்தும். 1975ஆம் ஆண்டு மே 28 அன்று லாகோஸில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் உருவான எக்கோவாஸ் என்னும் மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பு, 1979இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி உறுப்பு நாடுகளின் குடிமக்கள் 90 நாள் வரை விசா இல்லாமல் ஒருவர் நாட்டில் மற்றவர் தங்கலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகையில் எந்தப் பங்கும் கிடையாது. கூட வருகிறவர் கையை வீசிக்கொண்டு நடந்து போவதைப் பார்த்து நாமும் போய்விடலாம் என்று எண்ணக் கூடாது.

விசா விஷயத்தில் நீங்கள் கணக்கிட வேண்டியது நாடுகளின் எண்ணிக்கையை அன்று, நுழைவுகளின் எண்ணிக்கையை. போகும்போது டோகோவுக்குள் ஒரு முறை நுழைகிறீர்கள், பெனினிலிருந்து திரும்பும்போது அதே டோகோவுக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள், கடைசியில் கானாவுக்குள்ளும் மறுபடி நுழைகிறீர்கள். ஒரு முறை மட்டும் நுழைய அனுமதிக்கும் டோகோ விசாவோடு போன என் நண்பர் ஒருவர் திரும்பும் வழியில் பெனின் பக்கத்து வாசலிலேயே நின்றுபோய், புதிய விசா கிடைக்கும்வரை நான்கு நாள் விடுதிக் கட்டணம் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அவர் மிச்சம் பிடித்த தொகையைப் போல மூன்று மடங்கு அந்த நான்கு நாளில் கரைந்தது. டோகோ விசாவுக்கு இப்போது இணையத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். எல்லைக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று பழைய ஆட்கள் சொல்வதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். பயணத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்பாவது விண்ணப்பத்தை அனுப்பி, பல முறை நுழையும் அனுமதியைக் கேளுங்கள். பெனின் 2018 முதல் இணைய விசா வழங்கிவருகிறது. 30 நாளுக்கு ஒரு முறை நுழையும் விசாவுக்கு 50 யூரோ கட்டணம் இருந்துவருகிறது, உங்களுக்கு அதுவே போதும். கானாவில் உங்களுக்குத் தங்கும் அனுமதி இருக்கலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு வெளியே போய்த் திரும்பி நுழையவும் அனுமதி உண்டா என்பதை நிறுவனத்தில் உங்கள் ஆவணங்களைக் கவனிப்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எல்லா அனுமதிகளையும் தாளில் அச்சிட்டு இரண்டு படிகள் வைத்திருங்கள். கைப்பேசியைக் காட்டுவதாக இருந்தால் அதை அதிகாரியின் கையில் கொடுக்க வேண்டிவரும், அதை நான் விரும்புவதில்லை.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று. கானாவுக்கு வந்தபோதே நீங்கள் அதைப் போட்டிருப்பீர்கள். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: மத்திய அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டுக்கொண்டால் மட்டுமே அந்தச் சான்று செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தினருக்குப் பெங்களூரில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட மையம் அருகில் இருக்கும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடுவதில் பயனில்லை. 2016 ஜூலை முதல் ஒருமுறை போட்ட ஊசி வாழ்நாள் முழுவதற்கும் போதும் என்பது உலக சுகாதார விதி. ஆனாலும் பத்து ஆண்டு கடந்துவிட்டது என்று சொல்லி ஒரு வாசலில் என்னை நிறுத்திவைத்தார்கள். அமைதியாக விதியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன், முக்கால் மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். இந்தச் சான்றை எல்லைக்காக மட்டும் வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. அது இல்லாமல் அந்நாடுகளிலிருந்து இந்தியாவுக்குத் திரும்புகிறவரை ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைக்க நம் நாட்டு விதி இடம் தருகிறது.

இனி வழி. அக்ராவின் டூடு நிலையத்திலிருந்து அஃப்லாவோவுக்கு ட்ரோட்ரோ என்னும் சிற்றுந்துகள் போகின்றன. அவற்றுக்கு நேர அட்டவணை கிடையாது, ஆள் நிறைந்ததும் புறப்படும். விடியும் முன் போய்விட்டால் முதல் வண்டி வேகமாக நிறையும். வோல்டா ஆற்றைச் சோகாகோபே பாலத்தில் கடந்த பிறகு அகாட்சி, அஃப்லாவோ வரை வழியில் காவல் தடுப்புகள் பல இருக்கும். கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் வைக்காமல் சட்டைப்பையில் வைத்திருங்கள். அக்ராவிலிருந்து லோமேக்கும் கோட்டோனுவுக்கும் நேரே போகும் பேருந்துகளும் உண்டு. முதன்முறை போகிறவர்களுக்கு அதுவே நல்லது என்று பலர் சொல்வார்கள், நான் சொல்வதில்லை. அதில் நாற்பது ஐம்பது பேரின் ஆவணங்களும் முடியும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும், நடத்துநர் எல்லாருடைய கடவுச்சீட்டையும் மொத்தமாக வாங்கிக்கொண்டு, இன்ன தொகை கொடுங்கள் என்று கேட்டால் மறுப்பதும் கடினம். துண்டு துண்டாகப் போகிறவர் எல்லைவரை ஒரு வண்டியில் போய், வாசலை நடந்தே கடந்து, மறுபக்கம் வேறு வண்டி பிடிக்கிறார். கூலியும் குறைகிறது, கடவுச்சீட்டும் தன் கையை விட்டுப் போவதில்லை.

அஃப்லாவோவில் வண்டியிலிருந்து கால் வைத்ததும் பத்துப் பேர் உங்களைச் சூழ்ந்துகொள்வார்கள். பணம் மாற்றுகிறவர், பெட்டி தூக்குகிறவர், இருசக்கர வண்டிக்காரர், ஆவணம் முடித்துத் தருகிறேன் என்கிறவர் என எல்லோரும் அதில் இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக நிற்கும் எளியவர்கள்தான், கடுமையாகப் பேச வேண்டியதில்லை. ஆனால் சீருடை இல்லாத எவர் கையிலும், சீருடை இருந்தாலும் மேசைக்குப் பின்னால் அமர்ந்திராத எவர் கையிலும், கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். கானா குடிவரவு அலுவலகத்தில் வெளியேறும் முத்திரை, சிறிது தூரம் நடை, டோகோ பக்கத்தில் சுகாதார மேசை, பிறகு நுழைவு முத்திரை, கடைசியாகச் சுங்கம் என்பதே வரிசை. ஒவ்வோர் இடத்திலும் முத்திரையில் உள்ள தேதியை அங்கேயே படித்துப் பாருங்கள். வெளியேறும் முத்திரை விடுபட்டுப்போனால், அது திரும்பி வரும் நாளில்தான் தெரியவரும்.

அந்த நடையின்போது ஒன்றைக் கவனிப்பீர்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் காய் விற்கும் பெண்ணும் அந்தப் பக்கம் மீன் வாங்கும் பெண்ணும் ஒரே எவே மொழியில் பேசிக்கொள்வார்கள். எவே மக்களின் நிலத்தை முதலில் பிரிட்டனும் ஜெர்மனியும் பிரித்துக்கொண்டன, அஃப்லாவோ அப்போதே பிரிட்டன் பக்கம் போய்விட்டது. 1884 முதல் ஜெர்மனியின் ஆட்சியில் டோகோலாந்து என்று இருந்த நிலத்தையும் முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டனும் பிரான்சும் பங்கிட்டுக்கொண்டன. பிரிட்டன் பங்கு 1956 வாக்கெடுப்பின்படி இன்றைய கானாவோடு சேர்ந்தது, பிரான்சின் பங்கு 1960இல் டோகோவாக விடுதலை பெற்றது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கேட்கும் ஓசூர்ப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. உறவுகளைப் பார்க்கத் தினமும் போய்வருகிற மக்கள் அவர்கள், அவர்களுடைய அவசரத்தை நீங்கள் பின்பற்ற வேண்டாம்.

லோமேயில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலையில் ஹிலாகொஞ்சிக்குப் போங்கள். பங்கு வாடகைக் காரில் முன்னிருக்கையில் ஓட்டுநரைத் தவிர இருவரையும் பின்னிருக்கையில் நால்வரையும் ஏற்றுவார்கள். நீங்கள் மூவர் என்பதால் நான்கு இடத்துக்குப் பணம் கொடுத்துப் பின்னிருக்கை முழுவதையும் எடுத்துக்கொண்டால் செலவு பெரிதாகக் கூடாது, உடலுக்கும் இதமாக இருக்கும். பெட்டிக்குத் தனிக் கூலி கேட்பார்கள், அதை ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். பெனினுக்குள் நுழைந்ததும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். பிற்பகல் 4 மணி என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது அங்கே 5 ஆகியிருக்கும், இருட்டுவதற்குள் கோட்டோனு சேர வேண்டியவருக்கு அந்த ஒரு மணி நேரம் முக்கியம்.

கேள்வி: பர்கூரில் மாம்பழக்கூழ் வணிகம் செய்கிறேன். லோமேயிலும் கோட்டோனுவிலும் வாங்குவோரைச் சந்திக்கப் போகிறேன். எந்த நாணயத்தைக் கொண்டுபோவது? எல்லையில் கையூட்டுக் கேட்பார்கள் என்கிறார்களே, எவ்வளவு ஒதுக்கி வைக்கலாம்?
(வாசகர், பர்கூர்)

பதில்: யூரோவாகக் கொண்டுபோங்கள். டோகோவும் பெனினும் உட்பட எட்டு நாடுகள் வழங்கும் சி.எஃப்.ஏ. பிராங்க், அதாவது அங்குள்ள நம்மவர் சேஃபா என்று அழைக்கும் நாணயம், யூரோவோடு நிலையாகக் கட்டப்பட்டது. 1 யூரோவுக்கு 655.957 சேஃபா என்ற விகிதம் நாள்தோறும் மாறுவதில்லை. ஆகவே 100 யூரோவுக்கு ஏறக்குறைய 65,500 சேஃபா கிடைக்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் எவரும் உங்களை ஏமாற்ற முடியாது. டாலருக்கு இந்த வசதி இல்லை. கேமரூன், காபோன் முதலிய மத்திய ஆப்பிரிக்க நாடுகளிலும் சேஃபா என்ற பெயரில் ஒரு நாணயம் உண்டு. மதிப்பு ஒன்றாக இருந்தாலும் அந்தத் தாள்களை லோமே கடைக்காரர் வாங்கமாட்டார். மாற்றும்போது யாராவது அதைக் கலந்து கொடுக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கானா வழியாகப் போனால் கையிலுள்ள செடி என்னும் கானா நாணயத்தை அக்ராவிலேயே முடிந்தவரை செலவழித்துவிட்டு, அன்றைய உணவுக்கும் வண்டிக்கும் வேண்டிய அளவு மட்டும் எல்லையில் மாற்றுங்கள். மாற்றுகிறவர் தாள்களை எண்ணி உங்கள் கையில் வைத்த பிறகு, குறைகிறது என்று சொல்லித் திரும்ப வாங்கி மறுபடி எண்ணிக் கொடுத்தால், அந்த இரண்டாவது எண்ணிக்கையில்தான் தாள் குறையும். ஒருமுறை உங்கள் கைக்கு வந்த பணம் மறுபடி அவர் கைக்குப் போகக் கூடாது. 10,000 சேஃபா தாளுக்குச் சில்லறை தருகிற வாடகைக் கார் ஓட்டுநரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். 500, 1,000 தாள்களாகச் சேர்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

கையூட்டுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவும் ஒதுக்காதீர்கள் என்பதே என் பதில், இதை நான் அனுபவத்தில் தெரிந்துகொண்டு சொல்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகளில் நான் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சில் கதோ என்றால் பரிசு. எனக்கு ஏதாவது கதோ உண்டா என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள், நானும் கடைசிப் பேருந்து போய்விடுமே என்ற கவலையில் ஒரு தாளை நீட்டுவேன். ஒருநாள் மாலை, இன்ன இடம் என்று சொல்ல விரும்பாத ஓர் எல்லையில், என் ஆவணங்கள் அனைத்தும் சரியாக இருந்தும் 10,000 சேஃபா கேட்டார்கள். என்னிடம் அன்று உண்மையிலேயே பணம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து, கேட்ட அதே அதிகாரி முத்திரையைக் குத்திக் கொடுத்து, நல்லபடியாகப் போய்வா என்று வாழ்த்தினார். அன்று தெரிந்துகொண்டேன், அவர்கள் என்னிடம் வாங்கிக்கொண்டிருந்தது என் அவசரத்தின் விலையை. சரக்கு மற்றும் சேவை வரி வருவதற்கு முன், 2017க்கு முந்தைய நாள்களில், ஓசூரை அடுத்த ஜூஜூவாடிச் சோதனைச்சாவடியில் மணிக்கணக்கில் நின்ற நம் லாரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தாள் சரியாக இருந்து, பொறுமையும் இருந்தவர் வண்டி எப்படியும் நகர்ந்தது.

ஆகவே காலையிலேயே எல்லைக்குப் போங்கள். கட்டணம் என்று எதையாவது கேட்டால், மரியாதையாக ரசீது கேளுங்கள். பிரெஞ்சில் பொன்ழூர் என்று வணக்கம் சொல்லி, நலம் விசாரித்துவிட்டு ஆவணத்தை நீட்டுவது அங்கே மிகப் பெரிய காரியம். வணக்கம் சொல்லாமல் கடவுச்சீட்டை மேசையில் போடுகிறவரை அவர்கள் மரியாதை தெரியாதவராகவே கருதுகிறார்கள், அதில் தவறும் இல்லை. குரலை உயர்த்தாதீர்கள். எல்லைக் கட்டடத்தையோ சீருடையினரையோ படம் எடுக்காதீர்கள்.

கூழ் மாதிரிகளைப் பெட்டியில் எடுத்துப்போவதாக இருந்தால், விற்பனைக்கு அல்ல என்று எழுதிய கடிதம் ஒன்றைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து உடன் வைத்திருங்கள்.

கேள்வி: ஐவரி கோஸ்ட் நாட்டு இணைய விசாவை வைத்துக்கொண்டு கானாவிலிருந்து எலூபோ வழியாகத் தரைவழியே நுழையலாமா? வரைபடத்தில் சாலை தெரிகிறதே, எல்லை திறந்திருக்கிறது என்றுதானே பொருள்?
(வாசகர், ஓசூர்)

பதில்: நுழைய முடியாது. அந்த நாட்டின் இணைய விசா அபிஜான் விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு உரியது. எலூபோவைக் கடந்து நோவே வாசலுக்குப் போகிறவர், தூதரகத்தில் விண்ணப்பித்துக் கடவுச்சீட்டில் ஒட்டிய விசாவோடு போக வேண்டும். இணைய விசா என்ற சொல் எல்லா நாட்டிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. எந்த வாசலில் செல்லும் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே படித்துவிட வேண்டும்.

சாலை இருப்பதும் எல்லை திறந்திருப்பதும் வேறு வேறு. பெருந்தொற்றின்போது 2020 மார்ச்சில் தரை எல்லைகளை மூடிய கானா, விமான நிலையத்தை அதே ஆண்டில் திறந்துவிட்டபோதும், தரை எல்லைகளை 2022 மார்ச் 28 அன்றுதான் திறந்தது. அரிசிக் கடத்தலைக் காரணம் காட்டி நைஜீரியா 2019 ஆகஸ்டில் மூடிய எல்லைகள் 2020 டிசம்பரில்தான் திறக்கத் தொடங்கின. 2023 ஜூலையில் நைஜரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, பெனின்-நைஜர் எல்லை மூடப்பட்டதால் அங்குள்ள மலான்வில் பாலத்தில் வரிசையாக நின்ற லாரிகளின் ஓட்டுநர்கள் வாரக்கணக்கில் அங்கேயே சமைத்து உண்டு காத்திருந்தார்கள். மாலி, புர்க்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரி 29 அன்று எக்கோவாஸிலிருந்து முறைப்படி விலகிவிட்டன. அங்கே ஆயுதக் குழுக்களின் தாக்குதல் தொடர்வதாலும், டோகோ, பெனின் நாடுகளின் வட பகுதிகளுக்கும் அது பரவியிருப்பதாலும், செலவைக் குறைக்க விரும்பும் பயணி கடற்கரைச் சாலையை விட்டு வடக்கே போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தேர்தல் நாள்களில் எல்லையை மூடும் வழக்கமும் அப்பகுதியில் இருக்கிறது. நாள் குறிக்கும் முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இருசக்கர வண்டியில் இந்த எல்லைகளைக் கடக்கலாமா?
(வாசகர், தேன்கனிக்கோட்டை)

பதில்: கடக்கலாம், ஆனால் குறைந்த செலவு என்பது உங்கள் நோக்கமானால் நான் பரிந்துரைக்கமாட்டேன். இந்தியாவிலிருந்து வண்டியைக் கப்பலில் அனுப்புகிறவர், அதைத் திரும்பக் கொண்டுவருவதற்கு உறுதிப்பத்திரமாக அமையும் கார்னே என்னும் ஆவணத்தை வாங்க வேண்டும். அதற்கு வண்டியின் மதிப்புக்கேற்ற பெருந்தொகையைப் பிணையாகக் கட்ட வேண்டியிருக்கும். அங்கேயே பதிவான வண்டியை எடுத்துச் செல்கிறவருக்கு, எக்கோவாஸ் நாடுகள் 1982இல் ஏற்படுத்திய பழுப்பு அட்டை என்னும் பொதுக் காப்பீடு வேண்டும், ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் தற்காலிக அனுமதித் தாளும் வேண்டும். நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஓராண்டு செல்லும். அங்கெல்லாம் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

அதைவிட, லோமேயிலும் கோட்டோனுவிலும் ஜெமிஜான் என்னும் வாடகை இருசக்கர வண்டிகளில் பின்னால் அமர்ந்து போகலாம். பெனினில் பேசப்படும் ஃபோன் என்னும் மொழியில் என்னைச் சீக்கிரம் கொண்டுபோ என்பது அந்தப் பெயரின் பொருள். ஓசூரில் ஆலை நடத்தும் டி.வி.எஸ். நிறுவனத்தின் வண்டி ஒன்றில் ஏறி அமர்ந்த முதல் நாள், ஓட்டுநரிடம் இது எங்கள் ஊர் வண்டி என்று அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் தம் நண்பர்கள் அனைவரையும் கூப்பிட்டு என்னைக் காட்டினார்.

கேள்வி: என் மகன் லோமேயில் முந்திரி வணிக நிறுவனம் ஒன்றில் கணக்கராகச் சேர்ந்திருக்கிறான். வேலை நிமித்தம் அடிக்கடி பெனின் போய்வர வேண்டுமாம். வாசலில் நிற்காமல் பக்கத்துச் சந்து வழியாகவே போய்விடலாம், எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள் என்று உடன் வேலை பார்க்கிறவர்கள் சொல்கிறார்களாம். அடுத்த மாதம் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, அங்குள்ள ஒருவருக்குக் கொடுக்க வலி மாத்திரைகள் கொண்ட பொட்டலம் ஒன்றையும் எடுத்துப்போகும்படி தெரிந்தவர் ஒருவர் கேட்டு வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு மனம் நிலைகொள்ளவில்லை.
(தாய் ஒருவர், அரூர்)

பதில்: அம்மா, உங்கள் கலக்கம் நியாயமானது. சந்து வழியாகப் போகிறவர்கள் அந்த மண்ணின் மக்கள். பிடித்தாலும் அவர்களைத் திட்டி அனுப்பிவிடுவார்கள். உங்கள் மகன் அப்படிப் போனால் கடவுச்சீட்டில் டோகோவை விட்டு வெளியேறிய முத்திரையும் இராது, பெனினுக்குள் நுழைந்த முத்திரையும் இராது. கோட்டோனுவில் ஒரு சாதாரணக் காவல் சோதனையில்கூட அவர் சட்டவிரோதமாக நுழைந்தவராகிவிடுவார். விபத்து நேர்ந்து மருத்துவமனையில் சேர்ந்தாலும் அதே கேள்வி வரும். மிச்சமாவது அரை மணி நேரம் மட்டுமே. அடிக்கடி போகிறவர் என்றால் பல முறை நுழையும் விசாவை நிறுவனமே எடுத்துத் தர வேண்டும் என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. முந்திரி வணிகம் என்கிறீர்கள். பெனின் 2024 ஏப்ரல் முதல் பதப்படுத்தாத முந்திரிக்கொட்டையை ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்துவிட்டதால், எல்லையோரத்தில் கடத்தலைத் தேடும் கண்கள் கூடியிருக்கும். முந்திரி நிறுவனத்தின் ஆள் ஒருவர் முத்திரையில்லாமல் சந்தில் பிடிபட்டால் என்ன எண்ணுவார்கள் என்பதை அவரிடம் சொல்லுங்கள். லோமேயில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. அதன் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதிக் கடவுச்சீட்டோடு வைத்திருக்கச் சொல்லுங்கள்.

மாத்திரைப் பொட்டலம் அதைவிடப் பெரிய ஆபத்து. நம் நாட்டில் மருத்துவர் சீட்டோடு கிடைக்கும் டிராமடால் போன்ற வலி மாத்திரைகள் மேற்கு ஆப்பிரிக்காவில் இளைஞர்களிடையே போதைப்பொருளாகப் பரவி, பல குடும்பங்களைச் சிதைத்திருக்கின்றன. இந்தியாவிலிருந்து கடத்தப்பட்ட மாத்திரைகள் அங்கே பலமுறை பிடிபட்டதால், இந்தியர் பெட்டியில் மாத்திரை இருந்தால் சுங்கத்தார் கூர்ந்து பார்க்கிறார்கள். டேபென்டடால் என்னும் வலி மருந்தும் கேரிசோப்ரொடால் என்னும் தசைத்தளர்ச்சி மருந்தும் சேர்ந்த மாத்திரைகளின் ஏற்றுமதிக்கு நம் அரசே 2025 பிப்ரவரியில் தடைவிதித்தது. கொடுத்தவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் எல்லையில் பொட்டலம் யார் கையில் இருக்கிறதோ அவரே பொறுப்பு. உங்கள் மகன் தமக்கு வேண்டிய மருந்துகளை மட்டும், கடையில் தந்த அட்டையோடும் தம் பெயரில் எழுதிய மருத்துவர் சீட்டோடும், பயண நாள்களுக்குப் போதுமான அளவில் எடுத்துச் செல்லட்டும். அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல், அவர் ஊருக்கு வரும்வரை காத்திராமல், கொடுத்தவர் வீட்டிலேயே நீங்கள் நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.